ஒப்பாரி இல்லாத வீடு

சாவு வந்தால் சடங்கு வருகிறது. சடங்கு வந்தால் செலவு வருகிறது. செலவு வந்தால் கடன் வருகிறது. கடன் வந்தபின் செத்தவரை நினைக்க நேரமேது? வட்டியை நினைக்கத்தானே நேரம் சரியாக இருக்கும்!

கோவை வட்டாரத்தார் பேரூர் ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். ஈரோட்டுப் பக்கத்தார் பவானி கூடுதுறைக்குப் போகிறார்கள். எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள், பிண்டம் வைக்கிறார்கள். தறியில் உழைப்பவர் வீட்டிலே, பஞ்சாலையில் பாடுபடுபவர் வீட்டிலே, இருக்கும்போது வைத்தியத்துக்குக் கிடைக்காத பணம், இறந்தபின் கருமாதிக்குக் கிடைத்துவிடுகிறது—வட்டிக்கு! அன்புதான் அவர்களை அப்படி அலைய வைக்கிறது. அந்த அன்பை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஆனால், அன்பைக் காட்ட வேறு வழியே கிடையாதா என்று கேட்கிறோம். கூடுதுறைக்குப் பக்கத்திலேயே, ஈரோட்டிலே, 1933 இல் ஒரு வீடு வேறு வழியைக் காட்டிற்று. அது நாகம்மையார் வாழ்ந்த வீடு.

சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் 1885 இல் பிறந்தவர் நாகம்மையார். 1898 இல் ஈரோட்டுப் பெருவணிகர் வெங்கட்டர் வீட்டுக்கு மருமகளாக வந்தார். மணமகன் இராமசாமிக்கு வயது 19; மணமகளுக்கு 13. பணக்கார இடங்கள் காத்திருக்க, வசதி குறைந்த வீட்டுப் பெண்ணைத்தான் மணப்பேன் என்று பிடிவாதம் பிடித்து மணந்தார் அந்த இளைஞர். அவரே பின்னாளில் பெரியார்.

புகுந்த வீடோ வைணவ ஆசாரம் நிறைந்த வீடு. கணவரோ ஆசாரத்தை உடைப்பவர். தாலியைக் கழற்று என்றார் கணவர், கழற்றினார் அம்மையார். பெண் குழந்தை ஒன்று பிறந்தது; ஐந்து மாதத்தில் மறைந்தது. பிறகு பிள்ளையே இல்லை. பிள்ளை இல்லாதவளை இந்த ஊர் என்ன சொல்லும்? கொள்ளி வைக்க ஆளில்லாதவள் என்று சொல்லும்! பிள்ளை பெறாதார்க்கு நற்கதி இல்லை என்று சாத்திரம் மிரட்டும். மிரட்டலுக்கு அஞ்சி மூலையில் முடங்கினாரா அம்மையார்? இல்லை!

1921 இல் நாத்தனார் கண்ணம்மாளுடன் கள்ளுக்கடை மறியலில் நின்றார். 1924 இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களிலே தாழ்த்தப்பட்ட மக்கள் நடக்கக் கூடாதென்ற தடையை எதிர்த்துப் போர் மூண்டது. கணவர் சிறையிலிருக்க, பெண்களைத் திரட்டிக்கொண்டு களத்திலே நின்றார். 1925 இல் குடி அரசு ஏடு பிறந்தது. ஏட்டுக்கு வருவோர், இயக்கத்துக்கு வருவோர், எந்நேரம் வந்தாலும் பசியோடு திரும்பாதபடி பார்த்துக்கொண்டது அம்மையாரின் கை. 1930 இல் கைம்பெண் சிவகாமி அம்மையாருக்கும் சாமி சிதம்பரனாருக்கும் ஈரோட்டிலே நடந்த திருமணத்துக்குத் தலைமை தாங்கினார். 1931 டிசம்பரில் பெரியார் ஐரோப்பா புறப்பட்டுப் போய் 1932 நவம்பரில் திரும்பும் வரையில் ஏட்டின் சுமையும் இவர் தோளில்தான்.

அப்படிப்பட்டவர் 1933 மே 11 ஆம் நாள், 48 வயதில் மறைந்தார். ஈரோடே திரண்டது. ஆனால் ஒப்பாரி எழவில்லை. அழக் கூடாதென்று சொல்லிவிட்டார் பெரியார். புரோகிதர் இல்லை, கருமாதி இல்லை. மறுநாளே திருச்சிக்குப் போய், 144 தடையை மீறிக் கிறித்தவத் தோழர் ஒருவரின் திருமணத்தை நடத்திவைத்துக் கைதானார்.

இந்த வரலாற்றை மேடைதோறும் முழங்கிக் கைதட்டல் வாங்கியவர்கள்தான் நாமும். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கூட்டம் முடிந்தபோது, வயதான ஆத்தா ஒருத்தர் நம்மிடம் வந்தார். அந்த அம்மா கையால் சோறு தின்றவர்கள் எத்தனை பேர் அங்கே நின்றிருப்பார்கள், அழாதே என்றால் அவர்கள் துக்கத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பார்கள் என்று கேட்டார். தாலியைக் கழற்றியதும் கணவர் சொல்லித்தான், அழாமல் அனுப்பியதும் கணவர் சொல்லித்தான், அந்த அம்மாவின் மனத்தை யார் கேட்டார்கள் என்றும் கேட்டார். பேசிப் பழகிய நமது வாய் அன்று பேசவில்லை.

வீடு திரும்பி, அம்மையார் மறைந்த சில நாளில் குடி அரசில் பெரியார் எழுதிய இரங்கலுரையை எடுத்துப் படித்தோம். மறைந்தவரைப் புகழ்ந்து தம்மை உயர்த்திக்கொள்ளும் எழுத்தல்ல அது. ஊருக்குப் பெண்ணுரிமை சொன்ன தாம், சொன்னதில் சிறு பங்கைக்கூடத் தம் மனைவியிடம் நடத்திக் காட்டவில்லை என்று ஊரறிய ஒப்புக்கொண்ட எழுத்து. தமது வசதிக்கும் வாழ்க்கைக்கும் அவரைப் பயன்படுத்திக்கொண்டேன் என்று சொல்லும் எழுத்து. இந்தப் பிரிவு பொதுத்தொண்டுக்கு நன்மையாகவும் முடியலாம் என்றும் அதிலே உண்டு. படிக்கிறவர் நெஞ்சை அது உறுத்தும். உறுத்தட்டும்! உள்ளத்தில் இருந்ததை ஒளிக்காமல் சொன்னார் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆத்தாவுக்குச் சொல்ல வேண்டிய விடை அப்போதுதான் நமக்குக் கிடைத்தது. கண்ணீர் மூடநம்பிக்கை அல்ல; தாயை இழந்த மகள் அழட்டும், தடுக்க நாம் யார்? கண்ணீரைக் காசாக்கும் சடங்குதான் மூடநம்பிக்கை. செத்தவருக்குப் பட்ட கடன் எள்ளிலே தீராது. உண்மையைச் சொல்வதிலே கொஞ்சம் தீரும், அவர் விட்ட வேலையைத் தொடர்வதிலே மிச்சம் தீரும்.

ஆகவே, தோழர் வீட்டில் சாவு என்றால் முதல் ஆளாக ஓடுங்கள். வீட்டார் இசைந்தால் 6 மணி நேரத்துக்குள் கண்தானத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். கருமாதிக்குக் கடன் தேடாமல், பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு வசூல் செய்யுங்கள். படத்திறப்பு வையுங்கள்; அங்கே புகழை மட்டும் பேசாமல், மறைந்தவருக்கு நாம் பட்ட கடனையும் பேசுங்கள்.

கொள்ளி வைக்கப் பிள்ளையில்லாத அந்த அம்மையாரின் பெயரால் திருச்சியிலே ஒரு குழந்தைகள் இல்லம் உண்டு. எந்தப் பிண்டம் இந்தப் பெருமையைத் தரும்?

ஆனால் ஒன்று. பெரியார் எழுதிய அந்த ஒப்புதலை நாடு படித்தது, நாகம்மையார் படிக்கவில்லை. 1938 இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு அவர் கணவருக்குப் பெரியார் என்ற பட்டம் தந்ததையும் அவர் கேட்கவில்லை. தோழர்களே, உங்கள் வீட்டு நாகம்மை இன்று அடுப்படியில் இருக்கிறார். சொல்ல வேண்டியதை அவர் காது கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்!