ராமானுஜன் படித்த கைடு

கணித மேதை ராமானுஜன் என்றதும் எல்லோரும் 1729 என்ற எண்ணையும் டாக்சி கதையையும்தான் சொல்வார்கள். அது உங்களுக்கே தெரியும், அதனால் விட்டுவிடுகிறேன். அவர் படித்த ஒரு கைடையும், அவர் எழுதி வைத்த நோட்டுகளையும் பற்றித்தான் எழுதப் போகிறேன். திருப்புதல் தேர்வு வந்தாச்சு, நம்ம எல்லார் பையிலும் இப்போ கைடும் நோட்ஸும்தானே இருக்கு!

ராமானுஜன் நம்ம பக்கத்து ஊரில் பிறந்தவர். 1887 டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில், அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தார். (அப்போது ஈரோடு, திருப்பூர் ரெண்டுமே கோயமுத்தூர் ஜில்லாதான்.) கைக்குழந்தையாக இருக்கும்போதே கும்பகோணம் போய்விட்டார். அவருடைய அப்பா சீனிவாச ஐயங்கார் அங்கே ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். சம்பளம் மாதம் 20 ரூபாய். எங்க அப்பாவும் பனியன் கம்பெனியில் கணக்குதான் எழுதுகிறார் என்பதால் இதைப் படித்ததும் எனக்கு ராமானுஜன் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

சின்ன வயதில் அவர் எல்லாப் பாடத்திலும் கெட்டி. 1897-ல் தொடக்கப் பள்ளித் தேர்வில் ஆங்கிலம், தமிழ், பூகோளம், கணக்கு எல்லாம் எழுதி மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். பிறகு டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார். அவர் வீட்டில் கல்லூரி மாணவர்கள் தங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் லோனி என்பவர் எழுதிய திரிகோணமிதி புத்தகத்தை வாங்கி, கல்லூரிக் கணக்கைப் பள்ளிக்கூடப் பையனாகவே போட்டு முடித்துவிட்டார்.

1903-ல் ஒரு நண்பர் மூலமாக அந்தக் கைடு அவர் கைக்கு வந்தது. எழுதியவர் கார் என்ற ஆங்கிலேயர். பெரிய கணித அறிஞர் ஒன்றும் இல்லை, லண்டனில் டியூஷன் மாஸ்டர். தன்னிடம் படித்த பையன்கள் கேம்பிரிட்ஜ் பரிட்சைக்குத் திருப்பிப் பார்ப்பதற்காக 1880-ல் முதல் பாகத்தை வெளியிட்டார். இயற்கணிதம், திரிகோணமிதி, வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம், ஆயத்தொலை வடிவியல் என்று சுமார் 5000 சூத்திரங்கள், வரிசையாக நம்பர் போட்டு இருக்கும். எப்படி வந்தது என்று பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் ஒரு வரிக் குறிப்புதான். நம்ம பரிட்சைக்கு முதல் நாள் ராத்திரி பார்க்கிற சூத்திரத் தாள் மாதிரி, ஆனால் ரொம்பத் தடிமன்!

சாதாரணப் பையனாக இருந்தால் மனப்பாடம் செய்திருப்பான். ராமானுஜன் ஒவ்வொரு விடையையும் கேள்வியாக எடுத்துக்கொண்டார். இது ஏன் சரி என்று தானே போட்டுப் பார்த்தார். போகப் போக கைடில் இல்லாத சூத்திரங்களும் வர ஆரம்பித்தன. அதையெல்லாம் நோட்டில் எழுதினார். அந்த நோட்டும் கார் புத்தகம் மாதிரியே இருந்தது, சூத்திரம் மட்டும், ஸ்டெப் கிடையாது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, கடைசி விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார். சிலேட்டோடு ஸ்டெப்பும் போயிடும்.

ஒரு கணக்கு மட்டும் பாருங்க, நம்மாலேயே போட முடியும்.

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...)))) = ?

முடிவே இல்லாமல் போகுது. இதை 1911-ல் இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் கேள்வியாகக் கேட்டார். மாதக்கணக்காக யாரும் விடை அனுப்பவில்லை. பிறகு அவரே சொன்னார், விடை 3. எப்படி? 3 என்பது √9. அந்த 9-ஐ 1 + 2×4 என்று எழுதலாம். 4 என்பது √16, அதாவது √(1 + 3×5). 5 என்பது √(1 + 4×6). இப்படியே உள்ளே உள்ளே போய்க்கிட்டே இருக்கலாம்.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி. 1904-ல் கணக்குப் பரிசோடு பள்ளியை முடித்து, உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. படிப்பில் கணக்கு மட்டும் இல்லை. ஆங்கிலம், சமஸ்கிருதம், கிரேக்க ரோமானிய வரலாறு, உடலியல் எல்லாம் உண்டு. அவர் எந்த வகுப்பிலும் கணக்கே போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் ஃபெயில், உதவித்தொகை போச்சு. ஒரு பருவத்துக் கட்டணம் 32 ரூபாய், அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம்! 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்து சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906-ல் பரிட்சை எழுதினார், ஃபெயில். 1907-ல் தனியாக எழுதினார், மறுபடியும் ஃபெயில். எல்லாப் பாடமும் பாஸானால்தான் பாஸ்.

எங்க தெருவில் பத்தாவதில் ஒரு பாடம் போனால், அடுத்த வாரமே கை மடிக்கவோ பிசிறு வெட்டவோ கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போன ரெண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருத்தன் என்னைவிட நல்லா கணக்குப் போடுவான். மற்ற பாடத்தை விட்டது சரி என்று நான் சொல்லவில்லை. அந்த உடலியலுக்கு ஒரு மாதம் ஒதுக்கியிருந்தால் இத்தனை அலைச்சல் இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பாஸ் பண்ணாதவனுக்கு வேறு வழியே இல்லாமல் வைத்திருந்தது மட்டும் நியாயமா?

சர்டிபிகேட் இல்லாததால் நோட்டுகளையே தூக்கிக்கொண்டு வேலை தேடினார். 1910-ல் திருக்கோவிலூர் போய், கணிதச் சங்கத்தை ஆரம்பித்த ராமசாமி ஐயரிடம் காட்டினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் பார்த்துவிட்டு மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே பார்சல் சுற்றும் தாளில்கூட கணக்குப் போட்டார். (நாங்கள் பனியன் மடிப்புக்குள் வைக்கிற அட்டையில் எழுதுவோமே, அது மாதிரி.)

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குச் சூத்திரங்களை எழுதி அனுப்பினார். 1914-ல் கப்பல் ஏறினார். எஃப்.ஏ. பாஸாகாதவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். அங்கே குளிரும் யுத்தகாலச் சாப்பாட்டுக் கஷ்டமும் நோயும் சேர்ந்து உடம்பு கெட்டு, 1919-ல் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் இறந்தார். வயது 32 தான்.

படுக்கையில் இருந்தபோதும் கணக்குப் போட்டார். அந்தத் தாள்களை அவர் மனைவி ஜானகி சேர்த்து வைத்தார். அவை சென்னைப் பல்கலைக்கழகம் வழியாக இங்கிலாந்து போய், எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் கிடந்தன. 1976-ல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கண்டுபிடித்தார். சென்னையில் இருந்த பழைய நோட்டுகளில் 3000-க்கு மேல் சூத்திரங்கள். அவர் எழுதாமல் விட்ட ஸ்டெப்பை எல்லாம் போட்டு, புரூஸ் பெர்ன்ட் என்பவர் 1985-லிருந்து 1998 வரை ஐந்து பெரிய புத்தகங்கள் வெளியிட்டார்.

ஜானகி அம்மாளுக்கு அப்போது 21 வயது. பம்பாயில் அண்ணன் வீட்டில் இருந்தபோது தையல் கற்றுக்கொண்டார். பிறகு திருவல்லிக்கேணியில் துணி தைத்தும், மற்ற பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தும் பல வருஷம் பிழைத்தார். 1994-ல்தான் காலமானார்.

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு