மற்றும், அல்லது, இல்லை – ஜார்ஜ் பூலின் கணக்கு

நம் அங்கத்தினர்களின் வீடுகளில் கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்க்கும் பிள்ளையோ பெண்ணோ இல்லாத வீடு அபூர்வம். இன்னது இருந்தால் இன்னதைச் செய் என்று அவர்கள் தினமும் புரோகிராமில் நிபந்தனை எழுதுகிறார்கள். நிபந்தனைகளை இணைக்க அவர்களுக்கு முக்கியமாக வேண்டியவை மூன்றே சொற்கள்: அண்ட், ஆர், நாட். இவற்றைப் 'பூலியன்' என்பார்கள். அது ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது.

ஜார்ஜ் பூல் 1815 நவம்பர் 2 அன்று இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பிறந்தார். தகப்பனாருக்குக் காலணி தைக்கும் தொழில். மனசெல்லாம் தொலைநோக்கியிலும் லென்ஸிலும். வியாபாரம் நொடித்துப் போனது. பையன் ஒரு புத்தகக் கடைக்காரரிடம் லத்தீன் கற்றுக்கொண்டார். கிரேக்கம் தாமாகவே படித்தார். 14 வயதில் அவர் மொழிபெயர்த்த கிரேக்கக் கவிதை உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தபோது, இந்த வயதில் ஒருவன் இதைச் செய்திருக்கவே முடியாது என்று ஓர் ஆசிரியர் சண்டைக்கே வந்துவிட்டார்.

16 வயதில் உதவி ஆசிரியர் வேலை. பெற்றோர், உடன்பிறந்தோர் என்று மொத்தக் குடும்பமும் அந்தச் சம்பளத்தை நம்பி இருந்தது. 19 வயதில் சொந்தமாகப் பள்ளிக்கூடம் தொடங்கினார். கணிதப் புத்தகம் என்றால் படித்து முடிக்க நாளாகும், கொடுத்த காசுக்கு நஷ்டமில்லை என்பதால்தான் கணிதத்தில் இறங்கினார் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எப்படியோ, 1844ல் ராயல் சொசைட்டியின் தங்கப் பதக்கம் வந்தது. 1849ல் அயர்லாந்தின் கார்க் நகரக் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். கையில் ஒரு பட்டம்கூடக் கிடையாது!

1847ல் சிறிதாகவும் 1854ல் பெரிதாகவும் எழுதிய இரண்டு நூல்களில்தான் நம் விஷயம் இருக்கிறது. தர்க்கத்தை அல்ஜீப்ரா போலவே போடலாம் என்றார் பூல். வெள்ளை நிறமுள்ளவை ஒரு கூட்டம், பசுக்கள் ஒரு கூட்டம். இரண்டையும் பெருக்கினால் வெள்ளைப் பசுக்கள். இதுதான் 'மற்றும்'. வெள்ளையை வெள்ளையாலேயே பெருக்கினால்? மறுபடி வெள்ளைதான். சாதாரண எண்களில் தன்னைத் தானே பெருக்கியும் மாறாதவை 0, 1 இரண்டே. ஆக 1 என்றால் எல்லாம், 0 என்றால் ஒன்றுமில்லை. 1லிருந்து வெள்ளையைக் கழித்தால் வெள்ளை அல்லாதவை, இது 'இல்லை'.

'அல்லது'தான் தகராறு. நம் சங்கக் கச்சேரிக்கு ஆயுள் அங்கத்தினர் அல்லது 60 வயதானவருக்கு அனுமதி என்று வைத்துக்கொள்வோம். ஆயுள் அங்கத்தினராகவும் 60 வயதானவராகவும் இருப்பவரைக் கூட்டலில் இருமுறை எண்ணிவிடுவோமே! எனவே, ஒன்றோடொன்று கலக்காத கூட்டங்களை மட்டுமே கூட்டலாம் என்றார் பூல். ஜெவன்ஸ் என்ற இளைஞர் கடிதம் எழுதி வாதாடியும் பூல் இறங்கி வரவில்லை. கடைசியில் ஜெவன்ஸ் பக்கம்தான் ஜெயித்தது. இன்றைய புரோகிராம்களில் ஆர் என்றால் இரண்டும் பொருந்துபவரும் உள்ளே வரலாம். ஆனால் பெருக்கலை முதலில் போடும் வழக்கம் மட்டும் தொடர்கிறது. ஆயுள் அங்கத்தினர் அல்லது 60 வயதானவர் மற்றும் டோக்கன் உள்ளவர் என்று அடைப்புக்குறி போடாமல் எழுதினால், பெரும்பாலான மொழிகளில் 'மற்றும்' முந்திக்கொள்ளும். ஆயுள் அங்கத்தினர் டோக்கன் இல்லாமலே உள்ளே போய்விடுவார். அனுபவம் உள்ளவர்களும் தடுக்கி விழும் இடம் இது.

1855ல் பூல் மேரி எவரெஸ்ட்டை மணந்தார். நம் தேசத்தின் நில அளவைத் தலைவராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் அண்ணன் தம்பி வழிப் பெண் இவர். பாரதத்தின் தர்க்க சிந்தனை தன் பெரியவர் மூலம் பூலையும் எட்டியது என்று மேரி பிற்காலத்தில் எழுதினார். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பூலின் நூலில் எதிரே நிற்பவர் அரிஸ்டாட்டில். ஆகவே இதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம்.

1864 நவம்பரில் கொட்டும் மழையில் சுமார் 3 மைல் நடந்து கல்லூரிக்குப் போய், ஈர உடையோடே பாடம் நடத்தினார் பூல். ஜுரம் வந்து நுரையீரலைத் தாக்கியது. நோய்க்குக் காரணமானதே மருந்தும் ஆகும் என்று நம்பிய மனைவி, ஈரத் துணியால் சுற்றினார் என்றும் சொல்கிறார்கள். டிசம்பர் 8 அன்று, 49 வயதில் காலமானார். ஐந்து பெண் குழந்தைகள். கடைசிக் குழந்தைக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. மேரி லண்டனில் ஒரு பெண்கள் கல்லூரியில் நூலகர் வேலை பார்த்தார். அந்தப் பெண்களில் அலீஷியா கணிதத்திலும், லூசி ரசாயனத்திலும், கடைக்குட்டி எதெல் நாவலிலும் பெயர் வாங்கினார்கள்.

பூல் மறைந்து 73 வருஷம் கழித்து, 1937ல், அமெரிக்காவில் க்ளாட் ஷானன் என்ற 21 வயது மாணவர் தம் ஆய்வுக் கட்டுரையில் ஒன்றைக் காட்டினார். அடுத்தடுத்து இரண்டு ஸ்விட்சுகள் வைத்தால், இரண்டையும் போட்டால்தான் விளக்கு எரியும்: அது 'மற்றும்'. பக்கத்துப் பக்கத்தில் இரு வழிகளாக வைத்தால் ஒன்று போதும்: அது 'அல்லது'. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, ஒரு தத்துவ வகுப்பில்தான் பூலின் கணக்கு அவருக்கு அறிமுகமாகியிருந்தது.