ஏ. ஜி. ராம்சிங்

ஆற்றலுடையார் அனைவர்க்கும் அரங்கம் வாய்ப்பதில்லை. ஓரிடத்திற்குப் பலர் தகுதியுடையராய் நிற்குங்கால், ஒருவர் உட்புக ஏனையோர் வாயிலிலேயே நின்றுவிடுதல் உலகியல்பு. அங்ஙனம் நின்றும் மனந்தளராது தம் கலையைப் பேணியோருள் ஒருவராகிய ஏ. ஜி. ராம்சிங்கின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1910ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள் பிறந்தார். இவர்தம் சீக்கியக் குடும்பம் அமிருதசரத்தினின்றும் சென்னைக்கு வந்து குடியேறியது. இடக்கையால் மெல்லெனச் சுழற்றிப் பந்தெறிவதில் இவர் வல்லவர். மட்டை பிடித்து ஓட்டங்கள் சேர்ப்பதிலும் சிறந்தவர்.

1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நிகழ்ந்தது. சென்னையை எதிர்த்த மைசூர் அணி முதன்முறை 48 ஓட்டங்களுக்கும், மறுமுறை 59 ஓட்டங்களுக்கும் வீழ்ந்தது. சென்னை எடுத்தவை 130. பல நாள் நடைபெறற்குரிய அவ்வாட்டம் ஒரு பகலிலேயே முடிவெய்தியது. 35 ஓட்டங்களே கொடுத்து 11 பேரை வீழ்த்திய ராம்சிங்கே அவ்வெற்றிக்குத் தலையாய காரணமாவார்.

இத்துணைத் திறமிருந்தும் இந்திய அணியில் ஓர் அதிகாரபூர்வமான டெஸ்ட் ஆட்டமேனும் இவருக்குக் கிட்டவில்லை. காரணம் யாதெனின், 1932 முதல் 1936 வரை இந்தியா ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள் ஏழே. இடங்கள் மிகச் சில. அவற்றை நாடியோரோ பலர். அன்றியும் அந்நாளில் ஆட்டத்திறனைப் போலவே அரசகுலத்துச் செல்வாக்கும் அணியில் இடம் பெற்றிருந்தது. 1936இல் இங்கிலாந்து சென்ற அணிக்கு விஜயநகரத்து மகாராஜகுமாரர் தலைமை பூண்டதே அதற்குச் சான்று. அவ்வணியிற் சென்ற சென்னை வீரர் எம். ஜே. கோபாலன், பெர்லின் ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடும் வாய்ப்பைத் துறந்து சென்றும், ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் இறக்கப்படவில்லை. உள்ளே சென்றார்க்கே நிலை இதுவாயின், வெளியே நின்றார் நிலையை என்னென்பது!

பின்னர் உலகப்போர் மூண்டது. 1936 ஆகஸ்டு முதல் 1946 ஜூன் வரை இந்தியாவுக்கு டெஸ்ட் ஆட்டமே இல்லை. ராம்சிங்கின் இருபத்தாறு முதல் முப்பத்தாறு வரையுள்ள அருமையான ஆண்டுகள் அங்ஙனமே கழிந்தன. மீண்டும் வாயில் திறந்தபோது, அதே இடக்கைச் சுழற்பந்து வீச்சில் வினூ மன்கட் என்னும் இளைஞர் முன்வந்து நின்றார். 1946ஆம் ஆண்டின் இங்கிலாந்துப் பயணத்தில் ஆயிரத்துக்கு மேல் ஓட்டங்களும் நூற்றுக்கு மேல் விக்கெட்டுகளும் பெற்ற அவரை விலக்கி மற்றொருவரைச் சேர்த்தல் யார்க்கும் எளிதன்று.

எனினும் ராம்சிங் ஆட்டத்தை வெறுத்தாரல்லர். தம் மக்களையும் பிற இளைஞரையும் பயிற்றுவித்தார். சென்னை முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்ற 1954–55இல் அவர் மகன் கிருபால்சிங் பெரும்பங்கு ஆற்றினார். 1955இல் ஐதராபாத்தில் நியூசிலாந்தை எதிர்த்துத் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே நூறு ஓட்டங்கள் எடுத்தார். மற்றொரு மகன் மில்காசிங்கும் இந்தியாவுக்காக ஆடினார். தந்தைக்கு அடைத்த கதவு மைந்தர்க்குத் திறந்தது. 1999ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் ராம்சிங் மறைந்தார்.

காரைக்காலையடுத்த நெரவியிலும் தென்னைமட்டையை மட்டையாக்கி ஆடும் சிறுவர் உளர். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அப்பகுதி அடங்கிய புதுச்சேரிக்கு, ரஞ்சிப் போட்டியில் தனியணி 2018–19இலேதான் அமைந்தது. அதற்கு முன் அவ்வூர்களில் எத்துணை ராம்சிங்குகள் அறியப்படாமலே ஒழிந்தனரோ! தேர்வுக் குழுவினர் மறந்தாலும் நாம் மறவாதிருத்தல் கடமை. இடம் கிடையாவிடினும் பயிற்சியை விடாது, பெற்ற கலையைப் பின்வருவோர்க்கு ஈந்து செல்லுதல் இவர் வாழ்க்கையிலிருந்து நம் மாணவர் கொள்ளத்தக்கதாகும்.