எரித்தும் அழியாத கோடுகள்

நம்ம மரக்காணம் உப்பளத்துக்குத் தண்ணீர் தர்ற அதே வங்கக் கடலோட வடக்குக் கரையில் இருக்கு மிட்னாபூர். 1942 அக்டோபரில் ஒரு பெரும்புயல் அந்தக் கரையைச் சிதைத்தது. அடுத்த வருஷமே பஞ்சம். அங்கே ஊர் ஊராக நடந்து, பசியில் கிடந்தவர்களை மையால் வரைந்தார் 28 வயது இளைஞர் ஒருவர். அவர்தான் சித்தபிரசாத் பட்டாச்சார்யா. 1915-ல் நைஹாட்டியில் பிறந்தவர்.

அந்தப் படங்கள் ‘பசித்த வங்கம்’ என்ற பொருள்படும் பெயரில் ஆங்கிலப் புத்தகமாக வந்தன. ஆங்கிலேய அரசு அதன் 5,000 பிரதிகளையும் பறிமுதல் செய்து எரித்தது. குடும்பத்தார் காப்பாற்றிய ஒரு பிரதி மட்டும் தப்பியது. அதை வைத்துத்தான் 2011-ல் மறுபதிப்பு வந்தது!

1946-ல் பம்பாய்க்குக் குடிபெயர்ந்த பிறகு லினோகட்டில் முழுமூச்சாக இறங்கினார். லினோலியத் தகட்டைச் செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுக்கணும். செதுக்கின இடம் வெள்ளை, மிச்சம் கறுப்பு. கை தவறினா ‘அண்டூ’ கிடையாது. ஆனா ஒரே தகட்டில் நிறையப் படம் எடுக்கலாம், செலவும் குறைவு. ஓவியம் பணக்காரர் வீட்டோடு நிக்கக் கூடாதுன்னு நினைச்சவருக்கு இதைவிட என்ன வேணும்?

வேலைக்குப் போகும் சிறுவர்களை அவர் செதுக்கிய படங்களை 1969-ல் யுனிசெஃபின் டென்மார்க் குழு புத்தகமாக்கியது. அவரோ கடைசி வரை வறுமையில் வாழ்ந்து 1978-ல் மறைந்தார்.

இந்திய நவீன ஓவியம்னு தேடினா கோடிகளில் ஏலம் போன படங்கள்தான் முதல்ல வரும். கொஞ்சம் கீழே போய் இவரையும் பாருங்க. விலைக்காக இல்லாம, எல்லார் கைக்கும் போகணும்னு செதுக்கிய படங்கள் அவை.