வினைச்சொல்லைப் பிடித்தார்; தமிழைப் பிடித்தார்!

தமிழ் எழுத்தில் அச்சாகி, இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புத்தகம் எது?

‘தம்பிரான் வணக்கம்’. 1578-ம் ஆண்டு கொல்லத்தில் அச்சானது. 16 பக்கம் கொண்ட சிறு நூல்.

அதைத் தமிழில் ஆக்கியவர் தமிழர் அல்லர். போர்ச்சுக்கல் நாட்டில் பிறந்த அண்டிரிக் அடிகளார்!

துபாஷியை நம்பிய நாட்கள்

1520-ம் ஆண்டில் பிறந்தவர் அவர். 1546-ல் கப்பலேறி இந்தியா வந்தார். முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே பணிபுரிய அனுப்பப்பட்டார்.

வந்த புதிதில் ஒரு சொல்லும் புரியவில்லை. எதற்கெடுத்தாலும் துபாஷி வேண்டும். தாம் சொன்னதைத்தான் துபாஷி சொல்கிறாரா? யாருக்குத் தெரியும்!

தாமே கற்பது என்று உறுதி கொண்டார்.

எழுத்து மாறும் விந்தை

அவர் பிடித்த வழி, வினைச்சொல். ‘வந்தான், வருகிறான், வருவான், வரட்டும், வந்தால்’ என்று ஒவ்வொரு வினையையும் காலம், இடம் பார்த்து வரிசைப்படுத்தினார். இளமையில் லத்தீன் படித்த முறை அது.

அவருடைய தாய்மொழியில் ஒரு விந்தை உண்டு. ‘தொடுதல்’ என்பதற்கு அங்கே ‘தொக்கார்’ என்பார்கள். ‘தொடட்டும்’ என்ற பொருளில் அது ‘தொக்கே’ ஆகும். காதுக்கு இரண்டிலும் ‘க்’ ஓசைதான். ஆனால் எழுதும்போது, முதல் சொல்லில் ‘சி’ என்ற எழுத்து. அடுத்த சொல்லில் ‘க்யூ’, ‘யூ’ என்ற இரண்டு எழுத்துக்கள். ‘சி’யை அப்படியே விட்டால் ‘தொசே’ என்று படித்துவிடுவார்கள். ஓசையைக் காப்பாற்ற எழுத்தை மாற்றுகிறார்கள். பக்கத்து நாடான ஸ்பெயினிலும் இதே வழக்கந்தான்.

நம் தமிழிலோ ஓசையே மாறுகிறது, எழுத்து பின்தொடர்கிறது. ‘நில்’ என்பது ‘நின்றான்’ ஆகிறது. ‘கேள்’ என்பது ‘கேட்டான்’ ஆகிறது. நாம் தாய்மடியில் கற்றதை, அவர் ஒவ்வொன்றாக எழுதி வைத்துக் கற்க வேண்டியிருந்தது.

சில மாதங்களில் துபாஷி தேவைப்படவில்லை. காலமும் இடமும் பிசகாமல் அவர் பேசுவதைக் கேட்டு மக்கள் வியந்தனர்.

தமிழில் பேசாவிட்டால் தண்டனை!

உடனிருந்த பாதிரிமாரும் தங்களுக்குள் தமிழிலேயே பேச வேண்டும் என்று முடிவு செய்தார்கள். தவறினால் தண்டனை உண்டு!

தொல்காப்பியமும் நன்னூலும் தமிழறிந்தவர்களுக்கான நூல்கள். கடற்கரையில் மக்கள் பேசும் பேச்சைப் புதிதாகக் கற்கும் வெளிநாட்டாருக்கு வழிகாட்ட ஒரு நூல் வேண்டுமே! 1549-ம் ஆண்டையொட்டி அதையும் அவரே போர்ச்சுக்கீசிய மொழியில் எழுதினார். தமிழுக்கு ஐரோப்பியர் எழுதிய இலக்கணங்களில் நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல் அதுதான்.

அச்சேறாத நூல்

பரதவ மக்கள் பொருள் உதவினார்கள். அடிகளாரின் தமிழ் நூல்கள் ஒவ்வொன்றாக அச்சேறின. 1579-ல் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது. 1586-ல் ‘அடியார் வரலாறு’ வந்தது. ஆனால் இலக்கணம் மட்டும் கையெழுத்துப் பிரதியாகவே லிஸ்பன் நகர நூலகத்தில் கிடந்தது. 1982-ல்தான் அது அச்சாயிற்று. 2013-ல் ஆங்கிலத்திலும் வந்தது.

அடிகளார் 1600-ம் ஆண்டு புன்னைக்காயலில் காலமானார். அவர் உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

அரைநூற்றாண்டுக்கு மேல் இக்கரையில் வாழ்ந்தவர் அவர். துபாஷியின் வாயை எதிர்பார்த்து வந்து இறங்கியவர், தமிழ் எழுத்தை அச்சில் ஏற்றிவிட்டுப் போனார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் எவருக்கும் அவர் கதை தெம்பு தரும்.