ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ்

அத்திப்பட்டு வழியே இரயிலில் செல்லுங்கால், அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகளை நாம் காண்கிறோம். மின்சாரம் என்றவுடன் பேரியந்திரங்களும் கம்பிகளுமே நம் மனத்தில் தோன்றுகின்றன. வரப்போரத்துச் சிறு செடியினுள்ளும் மின்சாரம் தொழில் புரிகின்றதென்று வற்புறுத்திய ஒரு பெரியாரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

ஜகதீச சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்காளத்து மைமன்சிங்கில் பிறந்தனர். தந்தையார் அவரை முதற்கண் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்ப்பித்தனர். பின்னர்க் கல்கத்தா அர்ச். சவேரியார் கல்லூரியில் லபோன் பாதிரியாரிடம் பௌதிக சாஸ்திரத்தில் பற்றுக்கொண்டு, கேம்பிரிட்ஜிலும் பயின்று மீண்டனர். 1885இல் பிரஸிடென்ஸி கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தபோது, ஐரோப்பியருக்குரிய ஊதியம் இந்தியரான அவருக்கு மறுக்கப்பட்டது. குறைந்த ஊதியத்தைக் கையாலும் தொடாது மூன்றாண்டு பாடங் கற்பித்தனர். முடிவில் முழுத்தொகையும் அவரைத் தேடி வந்தது.

1901இல் இலண்டன் ராயல் சங்கத்தார்முன், சாதாரணச் செடிகளும் தூண்டப்பட்டால் மின்மாறுதல் காட்டுமென்று விளக்கினர். மூத்த உடலியல் அறிஞர் மறுத்தனர், கட்டுரை அச்சேறவில்லை. தொட்டாற்சுருங்கியில் செய்தி பரவுவது வெறும் நீரழுத்தத்தாலென்று பலர் கருதிய காலம் அது. குளிர்ச்சியும் நஞ்சும் அச்செய்தியைத் தடுத்து நிறுத்துதலைப் போஸ் பரிசோதனையாற் காட்டினர். உலோகங்களையும் உயிர்ப்பொருளோடு ஒப்பிட்ட அவரது கொள்கை நிலைபெறவில்லை. செடியின் மின்துடிப்போ நிலைபெற்றது. 1917இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவினர். 1920இல் அதே ராயல் சங்கம் அவரை அங்கத்தினராக்கியது. 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிதியில் காலமாயினர்.

அம்மின்துடிப்பின் உட்பொறியை அவர் கண்டிலர். உயிரணுவைச் சூழ்ந்த கொழுப்புச் சவ்வின் கனம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கேயாம். அதன் இருபுறத்துக்கும் இடையே வோல்ட்டில் பத்திலொரு பங்கு மின்னழுத்தமே இருப்பினும், கனக்குறைவினால் அது மீட்டருக்கு இரண்டு கோடி வோல்ட்டுக்கு ஈடாகின்றது. அவ்வழுத்தம் மாறியவுடன் சவ்விலுள்ள புரத வாயில்கள் திறக்க, அயனிகள் பாய்கின்றன. அப்பாய்ச்சல் அடுத்த வாயில்களையும் திறப்பிக்கின்றது. சில சிறு புரதங்களோ, மின்னழுத்தம் மிகும்போதே சவ்வினுள் ஒன்றுகூடி வாயிலாய் அமைகின்றன. 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் நரம்பில் அயனிப் பாய்ச்சலின் கணக்கை வகுத்தனர். 1976இல் நேயரும் சாக்மனும் ஒற்றை வாயிலின் மின்னோட்டத்தையே அளந்தனர்.

மாணாக்கரே! ஊதியம் மறுக்கப்பட்டபோது பாடத்தை நிறுத்தாதவர், கட்டுரை மறுக்கப்பட்டபோது பரிசோதனையையும் நிறுத்தினாரிலர். தொட்டாற்சுருங்கி இனி நம் விரல்பட்டு வாடுங்கால், அவரை நினைவோமாக.