மிலிந்த மன்னரின் மறுவினாக்கள்

நம் சங்கத்தின் தம்ம வகுப்பில் ஒருவர் வினா எழுப்புகிறார். விடை வந்தவுடன் அமர்ந்துவிடுகிறார். விடை விளங்கிற்றா என்பது அவருக்கே ஐயம். பெரியோரை இருமுறை கேட்பது அடக்கமின்மை என்று அதட்டி வளர்க்கப்பட்டோர் நம்மில் பலராதலின், இதனை அவர்கள் குற்றமென்று கூறோம். அன்னோர் மிலிந்த மன்னரின் வரலாற்றை அறிதல் நலம்.

கி. மு. 2-ஆம் நூற்றாண்டில் சாகல நகரிலிருந்து ஆண்ட யவன அரசர் மினாந்தரையே பாலி நூலாகிய மிலிந்த பஞ்ஹம் மிலிந்தர் என்று வழங்குகிறது. அலசந்தத் தீவில் கலசி என்னும் ஊரிற் பிறந்தவர் என்பது அந்நூற் கூற்று.

தொடக்கத்தில் அவர் பிறரை வீழ்த்தவே வினவினார். ஆயுபால தேரரிடம் துறவின் பயன் யாதெனக் கேட்டார். அறவழி ஒழுகுதலே பயன் என்றார் தேரர். இல்லறத்தாரிலும் அவ்வாறு ஒழுகி உயர்ந்தோர் உளரோ என அடுத்துக் கேட்டார். தேரர் உளரென ஒப்பவே, அங்ஙனமாயின் துறவு வீணென்று முடித்தார். தேரர் வாய் அடைத்தது. மன்னரோ ஒன்றும் கற்றிலர்.

நாகசேன தேரர் முதற் சந்திப்பிலேயே ஒரு நிபந்தனை விதித்தார். அரசர் உரையாடினால் மறுத்தவனைத் தண்டிப்பர். அறிஞர் உரையாடினால் மறுக்கப்படினும் சினவார். அறிஞர் முறைக்கு இசைந்தாலே பேசலாம் என்றார். மன்னர் இசைந்தார்.

மறுபிறவி எய்துவது எது என மன்னர் வினவ, நாமரூபம் என்று விடை வந்தது. இதே நாமரூபமோ என்றதற்கு, இதன் வினையால் வேறொன்று பிறக்கிறது என்றார் தேரர். இவ்விடத்தில் நம்மவர் தலையசைத்து அமர்ந்துவிடுவர். மன்னர் விடவில்லை. பிறப்பது வேறாயின் செய்த தீவினையினின்று தப்பிவிடலாமன்றோ என்று கேட்டார். வினையின் பெயரால் தலைமுறை தலைமுறையாக இழிவுரை கேட்ட நமக்கு இது வெறும் ஏட்டு வினாவாகுமா?

தேரர் மாங்கனி திருடியவனைக் காட்டினார். உரியவன் நட்ட மாங்கொட்டை வேறு, தான் பறித்த கனி வேறு என்று வாதித்தாலும் அவன் தண்டனைக்குத் தப்பான், கொட்டையின்றிக் கனியில்லை. மன்னர் இதனை ஒப்பியும் மற்றோர் உவமை வேண்டினார். குளிர்காய்ந்தவன் அணையாது விட்ட தீ அயலான் வயலை எரித்த செய்தி வந்தது. இன்னும் வேண்டினார். உண்ணும்போது ஏற்றிய விளக்கு கூரையைப் பற்றி ஊரையே கொளுத்தியது கூறப்பட்டது. பின்னும் வேண்டினார்!

உரையாடி முடித்த இரவில் மன்னர், தாம் கேட்டவை யாவை, பெற்ற விடைகள் யாவை, முறையாகக் கேட்டோமா என்று எண்ணிப் பார்த்தார். விகாரைக்குத் திரும்பிய தேரரும் அவ்வாறே எண்ணினார். காலையில் சந்தித்தபோது இருவரும் இதனையே ஒருவருக்கொருவர் தெரிவித்துக் கொண்டனர்.

மன்னர் அரசை மகனுக்களித்துத் துறவு பூண்டாரென்று பாலி நூல் கூறும். பாசறையில் இறந்தாரென்றும், அவரது சாம்பலை நகரங்கள் பகிர்ந்து கொண்டனவென்றும் யவன ஆசிரியர் புளூட்டார்க் எழுதியுள்ளார்.